நீலம் குடிக்கிற கரி

டிரம்மை அப்பிடியே தூக்கிராதீங்க தம்பி, அடியில தண்ணி நிக்குது, இடுப்புப் புடிச்சுக்கும். மூடியைத் தொறந்து கல்லையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்டுத் தூக்குங்க. பம்பு அதா, சொவத்தோரம் கெடக்குது. அதையும் எடுத்துக்குங்க. வெலையெல்லாம் ஒண்ணும் பேச வேண்டாம். என்ற கண்ணுல படாம எங்கயாச்சும் போனாச் சரி.

கோபியில இருந்தா வாரீங்க? அத்தனை தூரமா? உங்கூட்டுலயும் குளம் கட்டியிருக்கறீங்களா? மீனெல்லாம் நல்லா இருக்குதா? இருக்கட்டும், இருக்கட்டும். மொதல்ல அந்தச் சொம்புத் தண்ணியைக் குடிங்க. வேண்டாம்னா மோரு கரைச்சுத் தாரேன். வெயில்ல வந்திருக்கறீங்க, சித்த உக்காந்துட்டு வேலையைப் பாருங்க.

என்ற பையன் கட்டின குளமுங்க இது. பேரு பூபதி. ஆளு வெச்சுக் கட்டலீங்க. ஞாயித்துக்கெழமை ஆனா அவனே மம்பட்டியைத் தூக்கிக்குவான். அப்பத்தான் கண்ணாலமான புதுசு. பொண்டாட்டி வினோதினி கல்லெடுத்துக் குடுப்பா, இவன் வெச்சுப் பூசுவான். நான் இந்தப் படியில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே திட்டுவேன். "ஏன்டா, காங்கயத்துல மனுசன் குடிக்கறதுக்கே தண்ணி லாரிக்குக் காத்துக் கெடக்கறோம், நீ மீனுக்குக் குளம் கட்டறயா?"ன்னு. சிரிப்பான். திட்டினாச் சிரிக்கிற சாதி அவன். எத்தனை திட்டினேன் தெரியுங்களா அவனை. ஒருக்கா கூட எதுத்துப் பேசினதில்ல.

மீனு வாங்கிட்டு வந்து உட்டாங்க. வெள்ளையும் செவப்பும் ஆரஞ்சுமா, கோய் மீனுன்னு சொன்னான். அதுல ஒண்ணு நெம்பப் பெருசு. ஒடம்பெல்லாம் வெள்ளை, நெத்தியில மட்டும் செவப்பா வட்டமா இருக்கும். அதுக்கு மேனேஜருன்னு பேரு வெச்சான். இவன் ஆபீசு மேனேஜரும் அப்பிடித்தானாம், எந்நேரமும் வாயைத் தொறந்துட்டு அங்கயும் இங்கயும் சுத்தீட்டே இருப்பாராம். பொழுதோட வேலை முடிஞ்சு வந்தான்னா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னால, "என்னங்க மேனேஜர், இன்னைக்கு எல்லாருக்கும் லீவு குடுத்தீங்களா?"ம்பான். அந்த மீனும் வாயைத் தொறந்துட்டு அவன் கைக்கு வரும் பாருங்க! ஆளு அடையாளம் தெரியுமுங்க அதுக்கு. என்ற கைக்கு வராது. வினோதினி கைக்கு வரும்.

சரி, டிரம்முல கெடக்கற கரியைப் பத்திக் கேட்டீங்கல்ல. சொல்றேன்.

மேல வேப்பமரம் நிக்குது பாத்தீங்களா. எலை உழுந்து உழுந்து ஊறி, குளத்துத் தண்ணி டீத்தண்ணி கலருக்கு வந்துபோச்சு. பூபதிக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. மரத்தை வெட்டலாமான்னு கூடக் கேட்டான். நாந்தான் சொன்னேன், "அட கிறுக்கா, காங்கயத்துல பொறந்துட்டுத் தண்ணி கலரு மாறுச்சுன்னு மூஞ்சியைத் தொங்கப் போடறயே, கரி எதுக்குடா இருக்குது?"ன்னு.

எனக்குக் கரியைப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லீங்க. எங்க பக்கமெல்லாம் தேங்காத்தொட்டி, வெளியூர்ல சிரட்டைம்பாங்களே, அதைக் குழியில போட்டுச் சுட்டுக் கரியாக்கி, அதை மறுபடியும் சூளையில நீராவி உட்டுச் சுடுவாங்க. அதுதான் கார்பன். சும்மா அடுப்புக்கரி வேற, இது வேற. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஓட்டையா இருக்குமாம் உள்ள. நாத்தம், கலரு, கசடு எது வந்தாலும் உள்ள இழுத்து வெச்சுக்கும், உடாது. என்ற ஊட்டுக்காரர் போனதுக்கப்பறம் பூபதியைப் படிக்க வெச்சதே அந்தக் கார்பன் கம்பெனியில கரி சலிச்சுத்தானுங்க. ஊட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினாக் கருப்பாத்தான் வரும்.

அங்க கரி நல்ல கரியா இல்லையான்னு எப்பிடிப் பாப்பாங்க தெரியுங்களா? லேப்புல ஒரு பொண்ணு இருக்கும். கண்ணாடிக் குடுவையில நீலத்தண்ணி ஊத்தி, நம்ம கரியைத் துளி போட்டுக் குலுக்கும். நீலம் அப்பிடியே இருந்தா கரி ஆகாதுன்னு திருப்பிப்போடுவாங்க. நீலமெல்லாம் போயி பச்சத்தண்ணியாட்டம் வெளுத்துச்சுன்னா நல்ல கரி, ஏத்துமதிக்குப் போகும். நான் சலிச்ச கரி திரும்பி வந்ததே இல்லீங்க. அதுல எனக்கு ஒரு பெருமை.

அந்தக் கரியைத்தான் என்ற தம்பி நாச்சிமுத்துகிட்டச் சொல்லிக் கொண்டாந்தேன். அவன் இன்னும் அந்தக் கம்பெனியிலதான் இருக்கறான். கரியை அப்பிடியே கொட்டக்கூடாதுங்க, தூளு போயித் தண்ணியைக் கருப்பாக்கிப்போடும். அரிசி களையற மாதிரி, கையில கருப்பு ஒட்டாத வரைக்கும் அலசோணும். கொசுவலைத் துணியில பை தெச்சு, அதுல கட்டி, இந்த டிரம்முல கல்லுக்கு நடுவுல வெச்சேன். பம்பு தண்ணியை இழுத்து டிரம்மு வழியா உடும். மறுநாளைக்கு மறுநாளு பூபதி வந்து பாக்கறான், குளத்தடியில கெடந்த அஞ்சு ரூபாக் காசு தெரியுது! "அம்மா!"ன்னு கூப்பிட்டான் பாருங்க, நான் என்னமோ ஏதோன்னு அடுப்பைக் கூட அணைக்காம ஓடியாந்தேன். என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான். கரிப்பை மாத்தறது அன்னையில இருந்து என்ற வேலைன்னு ஆயிப்போச்சு. மாசம் பொறந்தா, "அம்மா, மேனேஜருக்குப் புதுக் கண்ணாடி போடு"ம்பான். அந்தப் பேச்சு இன்னும் காதுலயே இருக்குதுங்க.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி இல்ல, அழுகைதான். அழுதா என்ன இப்ப.

போன ஐப்பசியில போயிட்டான் தம்பி. மஞ்சக்காமாலை. கண்ணு மஞ்சளாயிருக்குதுன்னு மொதல்ல பாத்தவ அவதான், வினோதினி. அன்னைக்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு குதிச்சா. நான் கம்முனு இரு ஆத்தான்னேன். காமாலைக்குக் கீழாநெல்லி அரைச்சு மோருல குடுத்தா எறங்கிரும், எங்க வழியில எல்லாத்துக்கும் அதுதான். தெனமும் வெடியால நானே பறிச்சு, நானே அரைச்சு, நானே வாயில ஊத்தினேன். எறங்கத்தான் செஞ்சுதுங்க. எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சுது. அப்பறம் ஒரு நாளு பேச்சு கொழறுச்சு. கூட்டிட்டுப் போனோம். ஊசியா ஏத்தினாங்க, பாட்டில் பாட்டிலா மருந்து ஏத்தினாங்க. மருந்து ஏத்த ஏத்தத்தான் போனான். நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்.

அந்த டாக்டரு வெளிய வந்து கேட்டாரு, "இத்தன நாளு ஏம்மா ஊட்டுல வெச்சிருந்தீங்க? யாரு வெச்சிருந்தது?"ன்னு. கத்தித்தான் கேட்டாரு. அவ தலையைக் குனிஞ்சுட்டு, "நாந்தாங்க சார். சரியாப் போயிரும்னு இருந்துட்டேன்"னா. கேட்டீங்களா? அவ வாயாலயே சொன்னா. எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் நின்னுட்டிருக்கறாங்க. அப்ப தப்பு யாருதுங்க? அவ பொண்டாட்டி. நான் என்ன சொன்னாலும் அவ கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கோணுமா இல்லையா? நான் என்ன வழியில படுத்தா மறிச்சேன்?

இருங்க, மோரு கொண்டாரேன்.

உப்புச் சரியா இருக்குதா? சரி, கேளுங்க. அதுக்கப்பறம் இந்த ஊட்டுல நானும் அவளுந்தான். அவ அப்பன் தாராபுரத்துல இருந்து வந்து கூப்பிட்டாரு. போகல. "அத்தைக்கு யாரு இருக்கறாங்க"ன்னு சொல்லிப்போட்டா. வெடியால எந்திரிச்சு எனக்குச் சோறாக்கி வெச்சுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவா, டீச்சரு வேலை. பொழுதோட வந்து குளத்துக்கிட்ட உக்காந்துக்குவா. "என்னங்க மேனேஜர்"ன்னு கூப்பிடுவா, அவனாட்டமே. எனக்கு உள்ள இருந்து கேக்கறப்ப வயிறு எரியும். அவன் பேச்சை இவ எதுக்குப் பேசறான்னு இருக்கும். ஆனா அந்த மீனு வருமுங்க. அது வந்து அவ வெரலைக் கடிக்கறதைப் பாத்தா, அவன் இங்கதான் எங்கயோ இருக்கறான்னு எனக்கும் இருக்கும். பொய் சொல்லக்கூடாது. மத்த மீனெல்லாம் ஒவ்வொண்ணாப் போயிருச்சு, அந்த மீனு ஒண்ணுதான் எங்க ரெண்டு பேத்துக்கும் மிச்சம்.

தை மாசத்துல அதுக்கு நோவு வந்துபோச்சு. முதுகுல பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா. ஓரமா ஒதுங்கி நிக்கும், தீனி எடுக்காது. அவ திருப்பூருக்குப் போயி ஒரு மருந்து வாங்கியாந்தா. நீல மருந்து. பொழுதோட ஊத்தினா. குளமே நீலமாப் போச்சுங்க, சொட்டு நீலம் கொட்டின மாதிரி. என்ற பையன் கண்ணாடியாட்டம் வெச்சிருந்த தண்ணி! அதுவும் மருந்து. மருந்துன்னு சொல்லித்தானே ஒருத்தனைக் கொண்டுபோனாங்க, இதையும் கொண்டுபோகப் போறாளான்னு இருந்துச்சு. பத்தாததுக்கு நான் வெச்ச கரிப்பையை எடுத்துக் கொடியில காயப் போட்டிருக்கறா! என்னை ஒரு வார்த்தை கேக்கல. "சித்த நாளைக்கு இது வெளிய இருக்கட்டுங்கத்தை"ன்னா, அவ்வளவுதான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டேன். என்னன்னு நான் எதுக்குக் கேக்கோணும்?

வெடியால அவ பள்ளிக்கூடம் போனவொடனே நான் என்ன செஞ்சேன் தெரியுங்களா? நாச்சிமுத்து நம்பரு எனக்கு மனப்பாடம், அவனுக்குப் போனைப் போட்டு, இருக்கறதுலயே ஒசந்த கரியாக் கொண்டாடான்னேன். கொண்டாந்தான். புதுசாப் பை தெச்சேன், அலசினேன், கட்டினேன். பழைய பை கொடியிலயே தொங்கட்டும்னு உட்டுட்டு, புதுசை டிரம்முல அடியில வெச்சு மேல கல்லை அடுக்கி மூடிப்போட்டேன். பொழுதோட அவ வாரதுக்குள்ள பாருங்க, துளி நீலமில்ல! பச்சத்தண்ணி! லேப்புல குடுவையில வெளுக்குமே, அதே மாதிரி. இத்தனை பெரிய குளத்து நீலத்தையும் குடிச்சுப்போட்டு நிக்குது என்ற கரி. எனக்கு அத்தனை துக்கத்துலயும் ஒரு சிரிப்பு வந்துச்சுங்க.

அவ வந்து பாத்து மெரண்டு போயிட்டா. கொடியைப் பாத்தா, பை தொங்குது. "அத்தை, தண்ணி எப்பிடிங்க வெளுத்துச்சு?"ன்னா. நான் சொல்லுவேனா? "வெயிலுக்கு வெளுத்திருக்கும் ஆத்தா"ன்னுட்டேன். மறுபடியும் மருந்து ஊத்தினா. மறுபடியும் வெளுத்துச்சு. அவ ஊத்த ஊத்த, என்ற கரி குடிக்கக் குடிக்க, ஒரு வாரம் இப்பிடியே போச்சு. யாரு செயிக்கறான்னு பாத்துப்போடலாம்னு நானும் இருந்தேன்.

ஒரு நாளு வெடியால மேனேஜரு மெதக்குது.

அவ தண்ணிக்குள்ள எறங்கிட்டாளுங்க, சீலையோட. அதைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. என்ற பையனை எடுத்தப்பக் கூட நான் அப்பிடி அழுகல தம்பி, அன்னைக்கு அப்பிடி அழுதேன். மாரடிச்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவை செத்துட்டான்னு இருந்துச்சு.

அப்பறம் எந்திரிச்சு வந்தா. எதுக்கோ இந்த டிரம்மைத் தொறந்தா. கல்லை எடுத்தா, அடியில கை உட்டா, என்ற புதுப் பையை வெளிய எடுத்தா. கையில புடிச்சுக்கிட்டே நிக்கறா, தண்ணி சொட்டுது. பையைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. நான் உடல. "என்ன பாக்கறே? நாந்தான் வெச்சேன். நீ ஊத்தின வெசத்தையெல்லாம் என்ற கரி எடுத்துச்சு. அதையும் மீறிக் கொன்னுபோட்டயே பாவி! என்ற பையனையும் மருந்தை ஏத்திக் கொன்னே, அவன் மீனையும் மருந்தை ஊத்திக் கொன்னே"ன்னு கேட்டேன். தெருவே வந்து நின்னுச்சு. வாயைத் தொறக்கோணுமே! தப்புச் செய்யாதவ கம்முனு நிப்பாளா, நீங்களே சொல்லுங்க? கடைசியில என்ன சொன்னா தெரியுங்களா? "ஆமாங்கத்தை, நாந்தான் மருந்தை எச்சா ஊத்திப்போட்டேன்"னா. பையை மறுபடியும் டிரம்முக்குள்ளயே வெச்சு, கல்லை அடுக்கி, மூடியைப் போட்டா. அதா, உங்க கையில இருக்குதே, அதே பைதான். அன்னைக்கு வெச்சது அப்பிடியே இருக்குது பாருங்க.

என்ற கண்ணு முன்னால நிக்காதேன்னுட்டேன். பொட்டியைக் கட்டிட்டா. போறப்ப வாசல்ல நின்னு சொல்றா, "கரி நல்ல கரிதானுங்கத்தை. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு. எனக்கு எப்பிடி இருக்கும்? செய்யறதையும் செஞ்சுபோட்டு எனக்கு ஆறுதல் சொல்றா! வாரம் தவறாம போன் பண்ணறா. நான் எடுக்கறதில்ல. பக்கத்தூட்டு அம்மிணிகிட்டக் கேப்பாளாம், "அத்தை சாப்பிட்டாங்களா"ன்னு. அவளுக்கென்ன வந்துச்சு நான் சாப்பிட்டா, சாப்பிடாட்டி? அவ அண்ணன் வேற எடம் பாக்கறானாம் அவளுக்கு. போகட்டும். சின்ன வயசு, போகட்டும்.

ஏனுங்க தம்பி, பையைக் கீழ வெச்சுட்டீங்க? ஏன் அப்பிடிப் பாக்கறீங்க என்னை?

என்னங்க சொல்றீங்க? மருந்து ஊத்தறப்பக் கரியை எடுத்துப்போடோணுமா? எல்லாரும் அப்பிடித்தான் செய்யறதா? அந்த மருந்துப் பாட்டில்லயே போட்டிருக்குமா? எதுக்குங்க? கரி கசடைத்தானே எடுக்கும். மருந்தை எதுக்கு எடுக்கும்?

இல்ல. இருங்க. கசடுன்னும் மருந்துன்னும் அதுக்குத் தெரியாதுன்னா... நீலத்தைக் குடிச்சுதே. நீலந்தானே மருந்து.

அப்ப அந்த மீனு ஒரு நாளு கூட மருந்துல இருக்கலீங்களா? ஒரு வாரமா? அவ ஊத்தினது ஒரு சொட்டுக்கூட அதுக்குப் போய்ச் சேரலீங்களா? இருந்திருந்தாப் பொழச்சிருக்குமா? சொல்லுங்க, நானொண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். பொழச்சிருக்குமா?

அட கெரகமே. அட சாமீ.

நான் சலிச்ச கரி திரும்பி வந்ததே இல்லீங்க தம்பி.

அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு அன்னைக்கு. இந்தப் பையை எடுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் அப்பிடிப் பாத்தா. ஒரு வார்த்தை, "நீங்க வெச்ச கரிதானுங்கத்தை கொன்னுச்சு"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? தெருவே நின்னுச்சே. நான் அத்தனை பேச்சுப் பேசினேனே. அவ எதுக்கு நாந்தான்னு சொல்லோணும்? எதுக்குங்க உள்ளயே வெச்சு மூடோணும்?

ஆஸ்பத்திரியிலயும் இப்பிடித்தானுங்க நின்னா.

இதே மாதிரி தலையைக் குனிஞ்சுட்டு. யாரு வெச்சிருந்ததுன்னு அந்த டாக்டரு கத்தறாரு. நாந்தாங்க சார்னா. நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன் தம்பி. அவ தோளும் என்ற தோளும் ஒட்டிட்டு இருந்துச்சு. அவரு என்னைப் பாத்துத்தான் கேட்டாருங்க.

வேண்டாம், தண்ணி வேண்டாம். டிரம்மை அங்கயே வெச்சிருங்க. இல்ல, எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அதா, அந்த ஜன்னல்ல போன் இருக்குது, எடுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது, வினோதினின்னு பூபதி போட்டு வெச்சிருப்பான், பாத்து அமுத்திக் குடுங்க. மணி அடிக்குதா?

வேண்டாம், வெச்சிருங்க. சித்த வெச்சிருங்க தம்பி. எடுத்தவொடனே, "சாப்பிட்டீங்களா அத்தை"ன்னுதான் கேப்பா. அதுக்கு நான் என்னன்னு சொல்றது?